பதினேழாம் புதிர்

"அது ஓடுனா?"

கறுப்பு ராஜாவை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு விஜயகலா கேட்கிறாள். எதிரில் ஆள் இல்லை. பதிலையும் அவளேதான் சொல்லியாக வேண்டும். "ஓட முடியாது. அங்க குதிரை பாத்துக்கிட்டு நிக்கிது." ராஜா பழைய இடத்துக்குத் திரும்புகிறார். அடுத்தது வலப்பக்கம். "சரி, இங்குட்டு ஓடுனா?" அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக் கொதித்து கேத்தலில் பாதியாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் தகரத்தில் மழை போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. மழை இல்லாவிட்டாலும் இந்த நேரத்தில் அவளுக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

மழை பெய்தால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டுகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை, பேரும் இல்லை, கூலியும் இல்லை. லயத்தில் எல்லோரும் வானத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். விஜயகலாவும் ஊரோடு சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டிவைப்பாள். திட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் மாவுச் சாக்குத் துணியை எடுத்து விரிப்பாள்.

துணியில் அறுபத்து நாலு கட்டம், நீல மையில் போட்ட கோடு. அதைக் கழுவக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சிப்பாய்கள் எல்லாம் ரப்பர் விதை. ஒரு பக்கத்து விதைகளுக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவி வெள்ளைக்காரர்கள் ஆக்கியிருக்கிறாள். ராஜா, ராணி, கோட்டை, மந்திரி, குதிரை எல்லாம் சவர்க்காரப் பெட்டியை வெட்டிச் செய்த சின்னச் சதுரங்கள், மேலே முதலெழுத்து மட்டும். ‘கு’ என்று எழுதியிருந்தால் அது குதிரை. வாலும் கிடையாது, முகமும் கிடையாது.

முப்பத்தாறு வயது. ஏழாம் வகுப்பு வரை படிப்பு. பால் வெட்ட ஆரம்பித்துப் பதினாலு வருஷம். ஒல்லியான ஆள். நடக்கும்போது வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த தோட்டத்து வாத்தியார் ஒருவர், பாவம், அவள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அது மந்திரம் இல்லை சார், கோட்டை ஏழாவது வரிசைக்குப் போனால் என்ன ஆகும் என்கிற கவலை!

இதில் பெரிய வேடிக்கை, அவள் ஒரு முழு ஆட்டம் கூட விளையாடியதில்லை. வாத்தியார் உண்மை தெரிந்த பிறகு ஆசையாக ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். "வெளயாட எனக்குத் தெரியாதுங்க சார்," என்றாள். "முடிக்க மட்டுந்தான் தெரியும்." புருஷன் நாகலிங்கம், தோட்டத்துப் புகை வீட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிறவன், கல்யாண நாளும் அதுவுமாகப் பெண்டாட்டியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று ஒருதரம் எதிரில் உட்கார்ந்தான். நாலு சிப்பாய் நகர்ந்ததும் அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது. "வர்றவன் போறவன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு நான் என்னா அவிசாவளை பஸ் ஸ்டாண்டுலயா இருக்கேன்?" என்று துணியைச் சுருட்டிவிட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வெள்ளை ஆட வேண்டும், இரண்டு அல்லது மூன்று நகர்வில் கறுப்பு ராஜாவுக்கு மேட், தப்ப வழியே இருக்கக் கூடாது.

இந்தப் பித்து பிடித்தது அப்துல் ரஸாக் நானாவின் கடையில். சந்தியில் இருக்கும் அந்தக் கடைக்கு நானா கொழும்பிலிருந்து பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாக எடுப்பார். தொண்ணூற்றாறாம் வருஷத்தில் ஒருநாள் நெத்தலி சுற்றி வந்த தாளில் ‘சதுரங்கம் கற்போம், முதலாம் பாகம்’ இருந்தது. நெத்தலி குழம்புக்குப் போயிற்று, தாள் விஜயகலாவிடம் நின்றது. அடுத்த நாளே கடைக்குப் போய் நானாவின் கட்டைப் பிரித்துக் கடையைத் தலைகீழாக்கி இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் எடுத்தாள். நாலும் ஐந்தும் பருப்போடும் சீனியோடும் வந்தன. பிறகு ஏழாம் பாகம் வந்தது. ஆறாம் பாகம் மட்டும் வரவே இல்லை. வேறு யார் வீட்டுக்கோ கருவாட்டோடு போய்விட்டது. "ஆறுல அப்புடி என்னா பெருசா இருந்துறப் போவுது?" என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு புதிர்கள். படம் போட்டு, கீழே ‘விடை அடுத்த இதழில்’ என்று இருக்கும். அடுத்த இதழ் எங்கே வருகிறது? அதில் வேறு யாரோ மிளகாய்த்தூள் வாங்கிப் போயிருப்பார்கள். ஏழு வருஷம் இப்படித்தான். புதிர் கைக்கு வரும், விடை வராது. தான் கண்டுபிடித்தது சரியா தப்பா என்று சொல்வதற்கு உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. அப்படியிருந்தால் நீங்களும் நானும் ஒரு மாதத்தில் சாக்குத் துணியைத் தலையணைக்கு உறையாகப் போட்டிருப்போம். விஜயகலா என்ன செய்தாள் என்றால், விடை பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

தேய்க்கிற வழியை அவளுக்கு மலை கற்றுக்கொடுத்திருந்தது. அவளுடைய பங்கில் இருநூற்று எண்பது மரம். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கத்தியும் வாளியுமாக ஏறினால் முதல் மரம் பாதையோரப் பாறைக்குப் பக்கத்தில், கடைசி மரம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஒரே வழியில்தான் போவாள், ஒரே வரிசையில்தான் வெட்டுவாள். நடுவில் ஒரு மரத்தை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பால் நிறுக்கிற இடத்தில் ஒரு சிரட்டைப் பால் கூடினால் என்ன, குறைந்தால் என்ன! பின்னால் வந்து பார்க்க வேண்டிய அழகமுத்துக் கங்காணி அட்டைக்கடிக்குப் பயந்தவர், பாதி மலையோடு திரும்பிவிடுவார். "கலா வெட்டுற மலைய நான் எதுக்குப் பாக்கணும்? அவ கனவுலயும் ஒரு மரத்த விடமாட்டா," என்பார். பேச்சில் பாராட்டு பாதி, சோம்பல் பாதி.

அதே நடைதான் துணியிலும். வெள்ளை ஒரு நகர்வு போட்டதும், கறுப்பு என்னென்ன செய்ய முடியும் என்று முதலில் ராஜாவிடமிருந்து ஆரம்பிப்பாள். பிறகு ராணி, கோட்டை, மந்திரி, குதிரை. கடைசியில் மூலையில் நிற்கும் உதவாக்கரைச் சிப்பாய் வரைக்கும் ஒவ்வொருவரையும் கேட்பாள். "அது ஓடுனா? இது வெட்டுனா? குறுக்க வந்து நின்னா?" பெரிய காயைப் பார்த்துவிட்டுச் சின்னதை விட்டால் அந்தச் சின்னதுதான் ராஜாவைக் காப்பாற்றும் என்பது அவள் அடிபட்டுக் கற்றது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அந்தப் பேப்பர் ஒரு போட்டி வைத்தது. மாதத்துக்கு இரண்டு புதிர், வருஷத்துக்கு இருபத்து நாலு. விடையைத் தபாலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் பெயர் இரண்டு வாரம் கழித்து வரும். வருஷ முடிவில் இருபத்து மூன்று விடையாவது சரியாக இருந்தால் கொழும்புக்கு அழைப்பு. ஒரு மண்டபத்தில் உண்மையான பலகைக்கு முன்னால் உட்கார்ந்து புதிர் விடுவிக்கலாம், வருகிற எல்லோருக்கும் மரத்தில் செய்த காய்ப்பெட்டி ஒன்று பரிசு.

விஜயகலா முதல்முறையாகப் புதுப் பேப்பர் வாங்க ஆரம்பித்தாள். ரஸாக் நானா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பார். "இந்தா புள்ள, ஒன்ட பேப்பர். நெத்தலி வாசம் இல்லாம படிக்க ஏலுமா ஒனக்கு?" என்று சீண்டுவார். பரிசுப் பெட்டியைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் நாகலிங்கத்திடம், "அந்தக் குதிரைக்கு மொகம் இருக்குமாங்க," என்றாள். "கழுத்து, பிடரி எல்லாம் செதுக்கி இருக்குமாம். ஒரு தடவ கையில வச்சுப் பாக்கணும்." அவன் அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

முதல் புதிர், சரி. இரண்டாவது, சரி. மே மாதம் மலை சரிந்து பாதை மூடியது, தபால் நின்றது. பத்தாம் புதிருக்குக் கெடு வைத்த தேதி நெருங்கியபோது விஜயகலா தபாலட்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த இரண்டு தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஒன்பது மைல் நடந்தாள். தபால் ஓடிக்கொண்டிருந்த ஊரில் போட்டுவிட்டு அதே ஒன்பது மைல் திரும்பி வந்தாள். லயமே வாயில் கை வைத்தது. "ஒங்களுக்கெல்லாம் கலியாண வீட்டுக்கு நடந்தா கால் வலிக்காது, எனக்கு இதுக்கு வலிக்கல," என்றாள். பத்தாவதும் சரி. இருபத்து மூன்று வரைக்கும் ஒருமுறை விடாமல் அவள் பெயர் வந்தது.

இருபத்து நாலாவதில் வந்தது வினை.

மூன்று நகர்வில் மேட் என்று பேப்பர் சொன்னது. விஜயகலா இரண்டிலேயே முடித்தாள். இரண்டாவது நகர்வில் டி வரிசைச் சிப்பாய் இருந்த இடத்திலிருந்து இரண்டு கட்டம் தாவி ராஜாவுக்குச் செக் கொடுத்தது. ராஜாவைச் சுற்றி எல்லாக் கட்டமும் அடைப்பு, அந்தச் சிப்பாயை வெட்டவும் ஆள் இல்லை. ‘மூன்று எதற்கு, இரண்டே போதும்’ என்று தபாலட்டையில் கொஞ்சம் மிடுக்காகவே எழுதினாள். ஜனவரியில் விடை வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

சும்மா விடுவாளா? ஒன்றன்பின் ஒன்றாக நாலு தபாலட்டை போனது. முதலாவதில் ‘மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு’ என்று இருந்தது. நாலாவதில் மதிப்பெல்லாம் போய், ‘தயவுசெய்து பலகையை எடுத்து வைத்துக் கண்ணைத் திறந்து பார்க்கவும்’ என்று மட்டும் இருந்தது. லயத்திலும் கடையிலும் பேப்பர்காரனுக்குச் சதுரங்கம் தெரியாது என்று அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பகுதியைப் பார்க்கும் ஆசிரியர் பொறுமைசாலி, குண்டு குண்டான கையெழுத்தில் படம் போட்டே எழுதியிருந்தார். சிப்பாய் இரண்டு கட்டம் தாவி எதிரிச் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றால், அது ஒரு கட்டம்தான் வந்ததாக வைத்துக்கொண்டு எதிரிச் சிப்பாய் அதை வெட்டலாம். உடனே வெட்ட வேண்டும், அடுத்த முறை முடியாது. இதற்குப் ‘போகிற போக்கில் வெட்டுதல்’ என்று பெயர். உங்கள் டி வரிசைச் சிப்பாயைப் பக்கத்தில் நிற்கும் கறுப்புச் சிப்பாய் அப்படி வெட்டிவிடும், ஆகவே அது மேட் இல்லை.

விஜயகலா மூன்று தரம் படித்தாள். ஆறாம் பாகம்! யார் வீட்டு அடுப்பிலோ எரிந்துபோன அந்த ஒரு தாளில் இதுதான் இருந்திருக்கிறது.

"என்னா அநியாயம்ங்க இது?" என்று நாகலிங்கத்திடம் பொரிந்தாள். "அவன் பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டான். போனவனப் போனப்பொறம் புடிச்சு வெட்டுறதா?" அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருந்தது. சாயங்காலம் ஆசிரியருக்கு ஐந்தாவது தபாலட்டை எழுதினாள். இரண்டே வரி: ‘தப்பு என்னுடையது. நாலு கார்டிலும் எழுதியதை மன்னிக்கவும்.’

ஜனவரி கடைசியில் ஒரு நீள உறை வந்தது. உள்ளே பளபளப்பான அழைப்பிதழ். இருபத்து மூன்று விடை சரி, மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு வரவும். தீவு முழுவதும் தெரிவானவர்கள் ஒன்பது பேர். பெயர் வரிசையில் ஏழாவதாக விஜயகலா, பக்கத்தில் தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்தின் பெயர் கொழும்பில் அச்சாகி யாராவது பார்த்ததுண்டா? லயத்தில் அந்த அழைப்பிதழ் கை மாறிக் கை மாறி ஓரத்தில் கறி மஞ்சள் ஒட்டித் திரும்பி வந்தது. அழகமுத்துக் கங்காணி லீவுக்குத் தானே கணக்கப்பிள்ளையிடம் பேசினார். நாகலிங்கம் வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டான். ரஸாக் நானா கடைக்கு வந்த சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரிடமும் அவள் தன் கடைப் பேப்பரில் படித்தவள் என்று சொல்லிப் பெருமையடித்தார்.

பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் வற்றும், மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மழை இல்லாமலே விஜயகலாவுக்கு நாள் கிடைத்தது. "கொழும்புல போயி அத்தன பேருக்கு முன்னால இன்னொரு தடவ வாயப் பொளந்துக்கிட்டு நிக்க முடியாது," என்று சொல்லிக்கொண்டு, புதிய விதி கைக்குப் பழகுவதற்காகப் பழைய இருபத்து மூன்று புதிரையும் ஒன்றிலிருந்து திரும்பப் போட ஆரம்பித்தாள். கேள்வியில் இப்போது ஒன்று கூடியிருந்தது. "அது ஓடுனா? இது வெட்டுனா? போற போக்குல வெட்டுனா?"

மூன்றாம் நாள் பதினேழாவது புதிருக்கு வந்தாள். செப்டெம்பரில் வந்தது. சுலபமானது, அப்போது அரை மணி நேரத்தில் முடித்திருந்தாள். கறுப்பு ராஜா இடப்பக்கம் போனால் ராணியால் மேட். வலப்பக்கம் போனால் ஜி வரிசைச் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி மேட். பேப்பர் போட்ட விடையும் அதேதான். எழுதியவர்கள் எல்லோருக்கும் மார்க் கிடைத்தது.

விஜயகலா ஜி வரிசை விதையை இரண்டு கட்டம் நகர்த்தி வைத்தாள். பக்கத்தில் ஒரு கறுப்பு விதை நின்றது. "போற போக்குல வெட்டுனா?"

வெட்டியது. ராஜா சுகமாக நின்றார்.

அவள் கையை எடுத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படத்தைத் திரும்பப் பார்த்துக் காய்களைப் புதிதாக அடுக்கினாள். திரும்பவும் வெட்டியது. புதிரைப் போட்டவரே கவனிக்கவில்லை, எழுதிய யாரும் கவனிக்கவில்லை. இதைக் கழித்தால் அவள் கணக்கு இருபத்திரண்டு. இருபத்திரண்டுக்குக் கொழும்பு கிடையாது.

அவள் என்ன சாதாரண ஆளா? வேறு ஒரு வழியில் மேட் இருந்தால் புதிராவது பிழைத்துப் போகும் என்று தேட இறங்கினாள். வெள்ளைக்கு முதல் நகர்வாக முப்பத்தொரு வழி இருந்தது. பேப்பர் சொன்ன ஒன்று செத்துவிட்டது, மீதி முப்பது. ஒவ்வொன்றையும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்து, ஆகாது என்றால் ஒரு விதையைச் சிரட்டைக்குள் போட்டாள். சோறு பொங்கியது, குழம்பு அடிப்பிடித்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தாங்களே போட்டுச் சாப்பிட்டார்கள். நாலு நாள். இருபத்தொன்பதாவது வழி கிட்டத்தட்ட மேட் மாதிரியே வந்து, ஒரு மந்திரி குறுக்கே விழுந்து கெடுத்தது. அப்போது அவள் வாய்விட்டுத் திட்டினாள், பாவம் அந்த மந்திரி. முப்பதாவது விதையும் சிரட்டைக்குள் விழுந்தது. மேட் இல்லை.

நாகலிங்கம் வேலை விட்டு வந்தபோது அவள் அடுப்பங்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"பேப்பர்காரங்களே அந்தப் பதிலத்தான போட்டிருக்காங்க? நீ எழுதுனதும் அதுதான? அப்பறம் என்னா?"

"மேட் ஆகலையே."

"அது யாருக்குத் தெரியும் கலா? நூறு பேருக்கு மேல எழுதுனாங்க, ஒருத்தனும் கண்டுபுடிக்கல."

"நான் கண்டுபுடிச்சிட்டேன்ல."

"நீயா போயி ஒன்னையவே காட்டிக் குடுக்கப் போறியா? லயமே ஒன்னயக் கொழும்புக்கு அனுப்ப நிக்கிது. சட்டையக்கூட வெளுத்தாச்சு."

"வெட்டாத மரத்த வெட்டுனேன்னு சொல்லிட்டு அந்தச் சபையில போயி எப்புடிங்க ஒக்காருவேன்? பலகையப் பாக்குறப்ப எல்லாம் அந்தச் சிப்பாய்தான என் கண்ணுல நிக்கும்?" விதை நிறைந்த சிரட்டையைத் தள்ளி வைத்தாள். "எனக்கு மட்டும் ஆச இல்லையா? அந்தக் குதிரைய ஒரு தடவ தொட்டுட்டு வந்துறலாம், அப்பறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நேத்து முழுக்க அதத்தான் நெனச்சேன். முடியலங்க." சொல்லிவிட்டு அழுதாள். நாகலிங்கம் கேத்தலை எடுத்து அடுப்பில் வைத்தான்.

மறுநாள் நீள உறை வாங்க ரஸாக் நானாவின் கடைக்குப் போனாள். எதற்கு என்று கேட்டார். சொன்னாள். நானா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புள்ள, ஒனக்கு எனத்துக்கு இந்த வேல? பெரிய பெரிய ஆக்களுக்கே தெரியாத பிழைய நீ செல்லி, ஒன்ட சீட்ட நீயே கிழிக்கப் போறியா? வாய மூடிட்டு போய் அந்தப் பெட்டிய வாங்கிட்டு வா. அல்லாஹ்வுக்குத் தெரியும் நீ கள்ளி இல்லண்டு."

"அவருக்குத் தெரிஞ்சா போதாது நானா. பேப்பருக்கும் தெரியணும்."

நானா அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு கடையில் இருந்ததிலேயே தடிப்பான உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கடிதத்தை அவள் வீட்டிலேயே எழுதி வைத்திருந்தாள். ஏழு வரி. ‘பதினேழாம் புதிரில் ஜி வரிசைச் சிப்பாய் தாவியதும் கறுப்புச் சிப்பாய் போகிற போக்கில் வெட்டும். மேட் கிடையாது. மற்ற முப்பது வழியும் பார்த்துவிட்டேன், அவற்றிலும் இல்லை. அந்தப் புதிருக்கு விடை இல்லை. நானும் அந்தத் தப்பு விடையைத்தான் எழுதினேன். எனக்குப் போட்ட மார்க்கை வெட்டவும். இருபத்திரண்டுக்கு அழைப்பு இல்லை என்று தெரியும்.’ கீழே பெயர், தோட்டம், லயத்து இலக்கம்.

தெஹியோவிட்ட தபால் கந்தோரில் அன்று கூட்டம் குறைவு. விஜயகலா ஜன்னல் ஓரத்து மேசையில் உறையைப் பிரித்துக் கடிதத்தை வைத்தாள். பைக்குள்ளிருந்து அழைப்பிதழை எடுத்து, ஏழாவது பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடிப்பு விழாமல் அதையும் கடிதத்துக்குப் பின்னால் வைத்து உறையை ஒட்டி, பசை பிடிக்கும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள்.

உள்ளே இருந்த குமாஸ்தா மாத்தயா உறையைத் திருப்பிப் பார்த்தார். பேப்பர் கந்தோருக்கு எல்லோரும் சாதாரணத் தபாலில்தானே போடுகிறார்கள், இதற்கெதற்கு ரெஜிஸ்டர் என்று கேட்டார்.

"கெடைக்கலன்னு யாரும் சொல்லக் கூடாது மாத்தயா," என்றாள் அவள், அவர் பாஷையிலேயே.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு இலக்கச் சீட்டை ஒட்டினார், முத்திரையை எடுத்துக் குத்தினார். ரசீதைக் கிழித்து நீட்டினார். விஜயகலா ரசீதை வாங்கவில்லை. கம்பி இடைவெளி வழியாகத் தலையைச் சாய்த்து உறையைப் பார்த்தாள். முத்திரையில் பாதி வட்டம்தான் பதிந்திருந்தது, தேதி தெரியவில்லை. விரலை உள்ளே நீட்டி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"சரியா விழல மாத்தயா. இன்னொரு தடவ குத்துங்க."